எடை குறைந்த மகவும் தாயின் மார்பும்

(கொல்லிமலையில் நடைபெற்ற வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

    

கல்விக்கெனத் தோன்றிய சங்கத்தின் வெள்ளிவிழாவில் கல்வியைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தார்கள். நாமோ, எடை குறைந்து பிறக்கும் பச்சிளங்குழந்தையைப் பற்றிப் பேச எழுந்துள்ளோம். கல்விச் சங்கத்திற்கும் பேறுகால அறைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ஒரு குழந்தையின் பெயரை நாம் ஐந்தாம் வயதில் எழுதுகிறோம். பிறந்து 28 நாள்களுக்குள் மறைந்துவிட்ட குழந்தையின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அக்குழந்தைக்கு எந்த ஆசிரியரும் எழுத்தறிவிக்க இயலாது. எனவே, கல்வியின் முதற்பாடம் பள்ளியில் அன்று, பிறந்த வீட்டிலேயே தொடங்குகிறது என்பது நம் துணிபு.

அண்ணல் அம்பேத்கர் தம் பெற்றோருக்குப் பதினான்காவது பிள்ளை. உடன்பிறந்தோரில் பலர் இளமையிலேயே மாண்டனர். அண்ணலுக்கும் அன்னை இரமாபாய்க்கும் பிறந்த ஐந்து குழந்தைகளில் யசுவந்த் ஒருவரே வளர்ந்து ஆளானார். அருமை மகன் இராஜரத்னாவை 1926-ஆம் ஆண்டு அவர்கள் பறிகொடுத்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1928-இல், பம்பாய்ச் சட்டமன்றத்தில் தொழிலாளப் பெண்களுக்கான மகப்பேற்று நலச் சட்ட முன்வரைவை ஆதரித்து அண்ணல் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வு பெறுதல் நாட்டின் நலனுக்கே உரியது என்பது அவர்தம் வாதம். மேதைகளின் வரலாற்றைப் படிக்கும் நாம், அவர்கள் வீட்டில் வெறுமையாய் நின்ற தொட்டில்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, பொருளுக்கு வருவோம். பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள மகவை எடை குறைந்த மகவு என்பர் மருத்துவர். 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, எடை அறியப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குப் பதினெண்மர் இத்தகையோர். மாதம் நிறையுமுன் பிறத்தலும் கருவிலேயே வளர்ச்சி குன்றுதலும் இதற்குரிய இரு வழிகள். தாயின் இரத்தசோகை, இளவயதுத் திருமணம், அடுத்தடுத்த பேறு, நிறைமாதத்திலும் ஓயாத கடும் உழைப்பு ஆகியவை இவற்றின் பின்னால் நிற்கின்றன. நம் மலையில் கேழ்வரகும் சாமையும் தினையும் விளைந்த நிலங்களில் பல, சவ்வரிசி ஆலைக்குச் செல்லும் மரவள்ளிக்கு மாறிவிட்டன. கிழங்கு பணம் தரும். ஆனால் கேழ்வரகு தரும் சத்தைக் கிழங்கு தாராது. தாயின் உணவுத் தட்டில் குறைந்தது, குழந்தையின் எடையில் தெரிகிறது.

எடை குறைந்த மகவுக்கு முதற்பகை குளிர். அதன் தோல் மெல்லியது. தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. உடலின் எடையோடு ஒப்பிட்டால் வெப்பத்தை இழக்கும் பரப்போ மிகுதி. உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருத்தல் வேண்டும். அதனினும் தாழ்ந்தால், பால் குடித்து வளரவேண்டிய வலிமையெல்லாம் உடலைச் சூடாக்கவே செலவாகிவிடும். பிறகு குழந்தை சோரும், பால் உறிஞ்சாது, மூச்சுத் தடுமாறும், நோய்க்கிருமி எளிதிற் பற்றும். கடல் மட்டத்திற்கு மேல் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், மார்கழி, தை மாதப் பனியில், ஓலைக்குடிசையிலும் ஓட்டு வீட்டிலும் வாழும் நம் மக்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

குளிரிலிருந்து காக்க மேலை நாட்டார் ஒரு பொறியைக் கண்டனர். நாமக்கல் மாவட்டத்தார்க்கு அதன் கதை வியப்பைத் தரும். 1880-ஆம் ஆண்டை ஒட்டி, பாரிசு நகரத்து மகப்பேற்று மருத்துவர் தார்னியே என்பார், உயிரியல் பூங்காவில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டு, அதைப் போன்றே குழந்தைகளுக்கும் வெப்பப் பெட்டி செய்வித்தார். இன்றுள்ள இன்குபேட்டர் அதன் வழித்தோன்றலே. முட்டைக்குப் பெயர்பெற்ற நம் மாவட்டத்தில் பொரிப்பகப் பெட்டியை அறியாதார் யார்? ஆயின், பெட்டி வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தாய்க்கோழி அடைகாத்து வந்தது. மனிதத் தாயும் அவ்வாறு அடைகாக்கக்கூடும் என்பதை மருத்துவ உலகம் 1978-இல்தான் திரும்பக் கண்டது.

தென்னமெரிக்காவில் கொலம்பியா என்றொரு நாடு. அதன் தலைநகர் பொகோட்டா. அங்கே ஏழைத் தாய்மார் நிரம்பி வழிந்த தாய்சேய் மருத்துவமனையில் வெப்பப் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கிடத்தினர். நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றியது. தாயரோ குழந்தையைத் தொடவியலாது வெளியே நிறுத்தப்பட்டனர். பிரிந்த தாயருள் சிலர் குழந்தையை விட்டே சென்றனர். இந்நிலையில் எட்கர் ரே சனாப்ரியா என்னும் மருத்துவர், குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு நிமிர்த்தி அணைத்து வைக்குமாறு செய்தார். அடுத்த ஆண்டு எக்டர் மார்த்தினேசு என்னும் மருத்துவரும் அவருடன் சேர்ந்தார். ஆத்திரேலியக் கங்காரு ஒரு கிராமுக்கும் குறைந்த எடையில் குட்டி ஈன்று, வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கும். ஆதலின் இம்முறை கங்காரு தாய்ப் பராமரிப்பு எனப் பெயர் பெற்றது.

இது பெட்டி வாங்க வகையற்ற ஏழைகளுக்கான மாற்று ஏற்பாடு என்று பலர் நெடுங்காலம் எண்ணினர். ஏழைக்கு எப்போதும் இரண்டாந்தரம்தான் கிட்டும் என்பது நம் பட்டறிவு. ஆகவே இந்த ஐயம் நமக்கும் எழுவது இயல்பே. ஆய்வுகள் சொல்வது வேறு. அரியானா மாநிலத்தில் 8,402 எடை குறைந்த குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. வீட்டிலேயே இம்முறையைக் கைக்கொள்ளத் துணைபுரிந்த குடும்பங்களில், முதல் 28 நாள் இறப்பு நூற்றுக்கு முப்பது பங்கு குறைந்திருந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2021-இல் வெளியாயிற்று. நம் நாட்டில் தில்லி சப்தர்சங் மருத்துவமனை அதில் பங்கேற்றது. 1,000 முதல் 1,799 கிராம் வரை எடையுள்ள குழந்தைகளில், உடல்நிலை சீரான பிறகு அணைக்கப்பட்டோருள் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினாறு பேர் இறந்தனர். பிறந்தவுடனேயே அணைக்கப்பட்டோருள் பன்னிருவர். நன்மை தெளிவாகவே, ஆய்வை இடையிலேயே நிறுத்தினர். 2022-இல் அந்நிறுவனம், எடை குறைந்த எல்லாக் குழந்தைகளுக்கும், வீடாயினும் மருத்துவமனையாயினும், நாள்தோறும் 8 முதல் 24 மணி நேரம் இம்முறை வேண்டும் என்று பரிந்துரைத்தது. செல்வ நாடுகளுக்கும் அப்பரிந்துரை பொருந்தும். இது ஏழையின் மாற்று அன்று. எல்லார்க்கும் உரிய மருத்துவம்.

ஆசிரியர் என்ற முறையில் நம் கருத்தைக் கவர்ந்த செய்தி மற்றொன்று உண்டு. பொகோட்டாவில் இவ்வாறு வளர்க்கப்பட்ட குழந்தைகளை 20 ஆண்டுகள் கழித்துத் தேடிச் சென்று கண்டனர். அவர்களிடம் பள்ளிக்கு வாராமை குறைந்திருந்தது, முரட்டுத்தனமும் குறைந்திருந்தது. அவ்வாய்வு 2017-இல் வெளியாயிற்று. முதல் மாதத்து அணைப்பின் பயன் வகுப்பறை வரை வந்து நிற்கிறது.

செய்முறை எளிது. குழந்தைக்குத் தலையில் குல்லாயும், காலுறையும், இடைத்துணியும் மட்டும் அணிவித்து, தாயின் இரு மார்புகளுக்கிடையே நிமிர்ந்த நிலையில், தோலோடு தோல் படுமாறு வைத்தல் வேண்டும். கைகால்கள் தவளையினவற்றைப் போல் மடங்கியிருக்கட்டும். தலையை ஒரு பக்கம் திருப்பி, முகவாய் சற்றே நிமிர்ந்திருக்கச் செய்தால் மூச்சு தடைப்படாது. மூக்கும் வாயும் மூடப்படலாகாது. மென்மையான பருத்திச் சேலையால் இருவரையும் சேர்த்துக் கட்டி, மேலே தாயின் ஆடையும் போர்வையும் மூடட்டும். மரத்தில் கட்டும் தூளியை மார்பில் கட்டுவதாகக் கொள்ளலாம். ஒருமுறை வைத்தால் ஒரு மணி நேரமேனும் வைத்திருத்தல் வேண்டும். தாய் சாய்ந்து உறங்கலாம், எழுந்து நடக்கலாம். எடை 2,500 கிராமை எட்டும்வரை, அல்லது குழந்தை தானே நெளிந்து வெளிவர முயலும்வரை இது தொடரட்டும்.

உணவு தாய்ப்பால் ஒன்றே. உறிஞ்ச வலுவில்லையேல், பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் சிறிது சிறிதாகப் புகட்டலாம். நம் பாட்டிமார் கைப்பட்ட அப்பாலாடையை இன்று பெரிய மருத்துவமனைகளும் பயன்படுத்துகின்றன. சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், உரை மருந்து ஆகியவை வேண்டா. உடனே குளிப்பாட்டுதலும், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுதலும், அடுப்பருகே கிடத்துதலும் கூடா.

ஒன்றை அழுத்திச் சொல்வோம். அணைப்பு மருத்துவமனைக்கு மாற்று ஆகாது. குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், மார்புக்கூடு உள்வாங்க மூச்சிரைத்தாலும், மூச்சு இடையிடையே நின்றாலும், உடல் சில்லிட்டாலும் சுட்டாலும், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளித்தாலும், வலிப்புக் கண்டாலும் நேரம் கடத்தாது 108 ஊர்தியை அழையுங்கள். காரவள்ளி அடிவாரத்திற்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவ்வழி நெடுகிலும் குழந்தையின் வெப்பத்தைக் காக்கத் தாயின் மார்பினும் சிறந்த இடமில்லை.

இளைஞர்களே! இனி நம் வீட்டைப் பற்றிப் பேசுவோம். தொட்டால் தீட்டு என்று நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். அதை எதிர்த்து மூன்று தலைமுறையாகப் போராடுகிறோம். ஆனால், பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தீட்டு என்று சொல்லி, மூலையில் தனிப் பாய் விரிக்கும் வழக்கம் நம் வீடுகளில் அறவே ஒழிந்ததா? தந்தையானவன் இத்தனை நாள் குழந்தையைத் தொடலாகாது என்று தடுக்கும் வீடுகள் இன்றும் இல்லையா? பொகோட்டாவில் தாயை வெளியே நிறுத்தியது கிருமி அச்சம். நம் வீட்டில் தந்தையை வெளியே நிறுத்துவது தீட்டு அச்சம். இரண்டிலும் துன்புறுவது குழந்தையே. தோலுக்குச் சாதியில்லை, தீட்டுமில்லை, வெப்பம் மட்டும் உண்டு. தாய் களைத்தபோது தந்தையின் மார்பும், பாட்டியின் மார்பும், சித்தியின் மார்பும் அதே வெப்பத்தைத் தரும். ஆண்மகன் குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு திண்ணையில் அமர்ந்தால் ஊர் நகைக்கும் என்று அஞ்சற்க. நகைப்பு நாலு நாளில் ஓயும், குழந்தை நிலைக்கும்.

இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஒருவர் உடலைக் கொடுத்தல் என்பது, கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்தில் ஒருநாட் கூலியை இழப்பதாகும். அரசு 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் இப்போது 18,000 ரூபாய் அளவில் உதவி கிட்டுகிறது. கருவுற்ற தொடக்கத்திலேயே செவிலியரிடம் பெயரைப் பதிந்தால்தான் அதை முழுமையாகப் பெறலாம். படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர் ஒவ்வொருவரும் தம் தெருவில் இப்பணியைச் செய்யலாம் அன்றோ?

ஆகவே, சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். எடை குறைந்த குழந்தை பிறந்த வீட்டிற்கு, முதல் இரு வாரங்களின் கூலியிழப்பில் ஒரு பகுதியைச் சங்க நிதியிலிருந்து ஈடு செய்வோம். ஊருக்கு இரு பெண்களும் இரு ஆண்களும் கிராமச் செவிலியரிடம் இம்முறையைக் கற்று, வீடு தேடிச் சென்று உதவுவர். மலையாளிப் பழங்குடி உடன்பிறப்புகளின் வீடாயினும் நம் வீடாயினும் வேறுபாடு பாராட்டற்க. பெண் பிள்ளைகளைப் பதினெட்டு வயதுக்கு முன் மணம் முடித்துக் கொடுக்கும் வீட்டில் சங்கத்தார் எவரும் பந்தியில் அமரோம் என உறுதி கொள்வோம்.

இருபத்தைந்து ஆண்டுகளாகப் புத்தகமும் உதவித்தொகையும் தந்து பிள்ளைகளைக் கரையேற்றிய சங்கம் இது. அடுத்த இருபத்தைந்தாம் ஆண்டு விழாவில் இம்மேடையேறிப் பேசவேண்டிய பிள்ளை, இந்த மார்கழியில் இரண்டு கிலோவுக்கும் குறைந்த எடையோடு பிறக்கக்கூடும். அப்பிள்ளையை நாம் மார்போடு அணைத்துக் காப்போமாக.