திரையிலே ஒரு வனம்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இக்காலத்து வாலிபர் திரையிலே விளையாடிப் பொழுதைப் பாழாக்குகின்றனர் என்பது பெரியோர் பலரின் குறை. அதில் நியாயம் உண்டு. விளையாட்டை நிறுத்த இயலாது படிப்பும் தொழிலும் கெடும் நிலையை நோய்களின் வரிசையிலே சேர்க்க உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் இசைந்தது. ஆயினும், உழைத்த மனத்துக்கு இளைப்பாறுதல் வேண்டாமா? அதனைத் தரும் விளையாட்டு ஒன்றைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே நோர்வே நாட்டு ஹைப்பர் கேம்ஸ் நிறுவனத்தார் 'ஸ்னஃப்கின்: மெலடி ஒஃப் மூமின்வாலி' என்னும் வீடியோ விளையாட்டை வெளியிட்டனர். ஸ்னஃப்கின் ஒரு நாடோடி. ஒரு கூடாரமும் ஊதி வாசிக்கும் ஒரு மவுத் ஓர்கனும் போதும் அவனுக்கு. வசந்தகாலத்தில், விசித்திரப் பிராணிகள் வாழும் மூமின் பள்ளத்தாக்குக்கு அவன் திரும்பி வருகிறான். ஆற்றிலே நீரில்லை. காட்டுக்குள்ளே வேலியிட்ட பூங்காக்கள். எங்கு பார்த்தாலும் "செய்யாதே" என்னும் பலகைகள். அவற்றை அவன் ஒவ்வொன்றாய்ப் பிடுங்குகிறான். காவலர் அகல, வனம் தன் இயல்புக்கு மீள்கிறது. வாளில்லை, துப்பாக்கியில்லை. அவன் வாசிக்கும் இசைக்குப் பிராணிகள் இணங்குகின்றன. நீரோடையருகே சும்மா நின்று பார்த்தாலும் கடிந்துகொள்வார் எவருமிலர். இதுவே அவ்விளையாட்டின் இன்பம்.

வனத்திலே ஆறுதல் தேடுவது நமக்குப் புதிதன்று. இராமபிரானும் பாண்டவரும் வனவாசத்திலே முனிவரைக் கண்டனர், ஞானம் பெற்றனர். உடப்பிலே திரௌபதையம்மனை வழிபடும் நம்மவருக்குப் பாரதத்தின் வனபர்வத்தைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அன்பர்களே, அந்த மாய வனம் எங்கிருந்து பிறந்தது என்பதைச் சிந்தியுங்கள். மூமின் கதைகளை 1945ஆம் ஆண்டு முதல் எழுதியவர் பின்லாந்து தேசத்து அம்மையார் தோவே யான்சன். கோடை தோறும் பின்லாந்து வளைகுடாவின் தீவுகளிலே அலையும் காற்றும் சூழ வாழ்ந்தவர் அவர். கண்ணாரக் கண்ட இயற்கையே அவர் கற்பனைக்கு ஊற்றாயிற்று.

நமக்கும் கடல் உண்டு, களப்பு உண்டு. புத்தளத்துக்கு வடக்கே, 1938ஆம் ஆண்டில் தேசிய வனமாக்கப்பட்ட வில்பத்து உண்டு. மழைநீர் தேங்கும் அதன் வில்லுகளிலே மானும் சிறுத்தையும் நீரருந்துகின்றன. களப்போரத்துக் கண்டற் காடுகளோ, 1980களிலும் 1990களிலும் இறால் பண்ணைகளுக்காகப் பல இடங்களில் வெட்டுண்டன. அங்கே எந்தப் பலகையைப் பிடுங்கினாலும் காடு ஒரு கணத்தில் முளைத்துவிடாது. கன்று நட வேண்டும். ஆண்டுக்கணக்கிற் காக்க வேண்டும்.

நம்மூர் லக்விஜய நிலையம் 900 மெகாவாற்று மின்சாரம் பிறப்பிக்க வல்லது. அம்மின்சாரத்தால் ஒளிரும் திரையிலே வனத்தைக் கண்டு மகிழுங்கள், அதில் தவறில்லை. ஆனால் ஊரின் பெயரிலே சோலையை வைத்துக்கொண்டு, சோலையைத் திரையில் மட்டும் அறிந்த பிள்ளைகளை நாம் வளர்க்கலாகாது. விடுமுறை தோறும் சிறுவரைக் களப்போரத்துக்கு அழைத்துச் செல்வதை நம் சங்கத்து வாலிபர் ஒரு கடமையாய் ஏற்பாராக. நாளை ஒரு மாய வனத்தைத் தமிழிலே படைக்கப்போகிறவன் அச்சிறுவரிடையே இருக்கக்கூடும்.