காணாக்கடியா, சோயா சாஸா?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் மருத்துவரான முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



டாக்டரைக் கூப்பிட்டால் சர்க்கரை, பிரஷர் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் சோயா சாஸ் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்காதீர்கள். நாங்கள் படித்த நாளில் பேரையூரில் ராத்திரி பசித்தால் புரோட்டா, சால்னா, அத்தோடு சரி. இன்றைக்குப் பேரையூர், டி. கல்லுப்பட்டி, உசிலம்பட்டி எங்கே போனாலும் சாயங்காலம் ஒரு தள்ளுவண்டி, பெரிய வாணலி, பிரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன். அந்தக் கறுப்புப் பாட்டில் நம் ஊருக்கும் வந்துவிட்டது.

உடம்பெல்லாம் திடீரென்று தடித்து அரித்தால் நம் பக்கத்தில் 'காணாக்கடி' என்போம். கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ கடித்துவிட்டதாக அர்த்தம். அறுகம்புல், மிளகு, வெற்றிலை என்று வைத்தியமும் உண்டு. பல சமயம் அந்தத் தடிப்பு தானாகவே அடங்கிவிடும். பேர் மிளகுக்குப் போய்ச் சேரும். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கடித்தது பூச்சியல்ல, தட்டில் இருந்த சாப்பாடு என்றால், அந்த வைத்தியத்தில் கழிகிற கால்மணி நேரம் உயிருக்கே உலை வைத்துவிடும்.

நான் பணியில் இருந்த ஒரு மருத்துவமனைக்கு ஒரு ராத்திரி கல்லூரி மாணவர் ஒருவரைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். பிரைடு ரைஸ் சாப்பிட்டுப் பத்து நிமிடத்தில் உதடு வீங்கியிருக்கிறது. "ஏதோ கடிச்சிருக்குடா, வெத்தலையில மிளகு வச்சு மெல்லு" என்று ஒருவர். "ஒரு அவில் போட்டாச் சரியாப்போகும்" என்று இன்னொருவர். வந்தபோது குரல் கம்மிப்போய், மூச்சில் விசில் சத்தம். தொடையில் அட்ரினலின் ஊசி போட்டோம். சில நிமிடத்தில் பேச்சு வந்தது. பிறகு விசாரித்தபோது, ஆறு மாதம் முன்பு ஒரு கல்யாண வீட்டில் மீல் மேக்கர் குருமா சாப்பிட்டபோதும் நாக்கு அரித்து, வாந்தி வந்ததாகச் சொன்னார். மீல் மேக்கர் என்பது சோயாதானே! அந்தக் குருமாதான் எங்களுக்கு வழி காட்டியது. பரிசோதனையிலும் சோயா என்றே வந்தது.

அதே போல் இன்னொரு அம்மா, "எனக்குச் சோயா சாஸ் ஆகாது சார்" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். பார்த்தால் அவருக்கு ஆகாதது இறால்! வண்டிக்கடையில் இறாலுக்கும் முட்டைக்கும் காய்கறிக்கும் ஒரே வாணலி, ஒரே கரண்டி. பழி மட்டும் பாட்டில்மேல்.

ஆகவே பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். முறையாகக் காய்ச்சும் ஜப்பானிய வகைச் சாஸில் சோயாவோடு கோதுமையும் சேர்கிறது. இரண்டையும் பக்குவப்படுத்தி, கோஜி என்ற பூஞ்சணத்தை ஏற்றி, உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள். மலிவு வகையில் சோயாப் பிண்ணாக்கை அமிலத்தில் வேகவைத்து, நிறமும் உப்பும் சேர்த்து முடித்துவிடுகிறார்கள். ஊறும்போது புரதம் சின்னச் சின்னத் துண்டாக உடைவதால், சோயா ஆகாத சிலருக்குச் சாஸ் ஒன்றும் செய்வதில்லை. அதை நம்பி யாரும் வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம். நொதித்த பொருளில் ஹிஸ்டமினும் இருக்கும். அதனால் முகம் சிவந்து தலைவலி வந்தால் அது ஒவ்வாமை மாதிரியே தோன்றும், ஆனால் ஒவ்வாமை அல்ல. அஜினோமோட்டோ மேல் 1968 முதல் ஒரு புகார் உண்டு. பிறகு நடந்த ஆய்வுகளில் அது சரிவர நிரூபணமாகவில்லை.

கோதுமை ஆகாதவர்களில் ஒரு விசித்திரமான வகை உண்டு. புரோட்டா தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தால் ஒன்றுமில்லை. தின்ற கையோடு கபடி ஆடினாலோ ஓடினாலோ தடித்து மயங்கி விழுவார்கள். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரையும் இதைத் தூண்டும். விளையாட்டு மாணவர்கள் குறித்துக்கொள்ளவும்.

சரி, எப்படிக் கண்டுகொள்வது? பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரியும். வாய் அரிப்பு, தடிப்பு, வயிற்று வலி, வாந்தி. இவற்றோடு குரல் மாற்றம், மூச்சுத் திணறல், தலைசுற்றல், மயக்கம் இதில் எது சேர்ந்தாலும் அது அவசரம். தோலில் தடிப்பே இல்லாமலும் வரலாம். ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆபத்து அதிகம். ஆளைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள், பைக்கில் ஏற்றாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மதுரை ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அங்கேதான் பெரிய ஆஸ்பத்திரி என்று நேரே ஓட வேண்டாம். அருகில் இருக்கும் அரசு மருத்துவமனையில் முதல் ஊசி, பிறகு மதுரை. "சாப்பிட்ட பிறகு வந்தது, ஒவ்வாமை" என்று அங்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். அவில் அரிப்பை அடக்கும். அடைக்கிற தொண்டையைத் திறக்காது. அதற்கு அட்ரினலின்தான், பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடைத் தசையில். தேறியதும் உடனே வீட்டுக்குக் கிளம்பாமல் சில மணி நேரம் இருங்கள்; மறுபடி ஒரு அலை வரக்கூடும்.

ஒரு சுவையான செய்தி. அட்ரினலினை 1901-இல் தூய நிலையில் பிரித்துத் தந்தவர் ஜோகிச்சி தகாமினே என்ற ஜப்பானியர். அதற்கு முன் அவர் பெயர் வாங்கியது, 1894-இல், நான் சொன்ன அந்தக் கோஜிப் பூஞ்சணத்திலிருந்து ஒரு செரிமான மருந்து எடுத்ததற்காக!

ஒரு முறை வந்தவர்கள் சாப்பிட்டது, நேரம், அப்போது போட்ட மாத்திரை, செய்த வேலை எல்லாவற்றையும் எழுதிவைத்து ஒவ்வாமை மருத்துவரிடம் காட்டுங்கள். தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் இரத்தத்தில் ஐஜிஈ சோதனையும் உண்டு. சோதனைத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு பத்து உணவை நிறுத்துவது தவறு. நீங்கள் சொல்கிற கதையும் அதோடு பொருந்த வேண்டும். ஐஜிஜி என்று நூறு உணவுக்கு விலை போட்டு விற்கும் சோதனையில் காசைத் தொலைக்காதீர்கள்.

பாக்கெட் உணவில் சோயா, கோதுமை, நிலக்கடலை, பால், முட்டை முதலியவை இருந்தால் தனியாக அச்சிட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். தள்ளுவண்டியில் லேபிள் கிடையாது. "அண்ணே, சாஸ் ஊத்தாமப் போடுங்க" என்றால் போதாது, முந்தைய தட்டின் சாஸ் வாணலியிலேயே இருக்கும். சோயா உறுதியானவர்கள் அந்த வண்டியை விட்டுவிட்டு இட்லிக் கடைக்குப் போவதே உத்தமம்.

விடுதி மாணவர்களுக்குக் கடைசியாக ஒன்று. உங்களுக்கு எது ஆகாது என்பது அறைத் தோழனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொண்டை அடைத்தவனால் தன் கதையைத் தானே சொல்ல முடியாது. விடுதிக் காப்பாளரிடமும் சமையற்கட்டிலும் எழுதிக் கொடுங்கள். மீல் மேக்கர் போடுகிற நாளில் அவர்கள் உங்களுக்கு வேறு குழம்பு எடுத்துவைப்பார்கள்.