பள்ளிக்கூட வாசலில் நிற்காதீர்கள், உள்ளே வாருங்கள்!

(மும்பை தாராவியில் பெற்றோர் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் நமக்குக் காலை நீட்டிப் படுக்கக் கிடைக்கிற நாள். அதையும் விட்டுவிட்டு இந்தப் புழுக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் பேசுகிறோம். ஜூன் நடுவில் பள்ளிக்கூடம் திறக்கிறது. நம் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகளைச் சேர்க்கப் போகிறோம், சேர்த்த பிறகு அந்தப் பள்ளியை யார் கவனிக்கப் போகிறோம்? இந்த இரண்டு கேள்விதான் இன்றைய கூட்டம்.

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பள்ளியில் ஒரு வகுப்புக்கு மூன்று பிரிவு இருந்த காலம் உண்டு. இடம் இல்லை என்று காலையில் ஒரு நேரம், மதியம் ஒரு நேரம் என்று நடத்தினார்கள். இன்று இரண்டு வகுப்பை ஒரே அறையில் உட்கார வைத்து ஒரே ஆசிரியர் நடத்துகிறார். மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போடும்போது நாலாம் வகுப்பு சும்மா இருக்கிறது. சும்மா இருக்கிற பிள்ளை என்ன செய்யும்? பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். இதைப் பார்த்துவிட்டுத்தான் "அங்கே படிப்பே இல்லை" என்று சொல்லி, மாதச் சம்பளத்தில் பாதியைக் கட்டி, சந்துக்குள் இருக்கிற இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கிறோம். பிள்ளைகள் குறையக் குறைய ஆசிரியர் குறைகிறார். ஆசிரியர் குறையக் குறையப் பிள்ளைகள் குறைகிறார்கள். கடைசியில், ஆள் இல்லாத பள்ளி எதற்கு, இன்னொன்றோடு சேர்த்துவிடலாம் என்று ஒரு கோப்பு எழுந்து வரும். அந்தக் கோப்பை எழுதுகிறவர் எங்கோ இருப்பார். அதற்கு மை ஊற்றிக் கொடுத்தவர்கள் நாம்.

நாம் என்று சொல்லும்போது சங்கத்துக்காரர்களாகிய எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். மேடையில் தமிழ் தமிழ் என்று பேசிவிட்டு எங்கள் வீட்டுப் பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் சேர்த்தவர்கள் எங்களில் உண்டு. போன மாதச் செயற்குழுவில் ஒரு தாய் எழுந்து முகத்துக்கு நேரே கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. தலை குனிந்தோம்.

இனி, நாங்கள் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறோம். போன ஆண்டு எட்டுப் பேராகப் பள்ளிக்குப் போய், பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டப் பதிவேட்டைக் காட்டச் சொன்னோம். மாதாமாதம் கூட்டம் நடந்ததாக எழுதியிருந்தது. நமது சாலில் குடியிருக்கிற தாய்மார்களின் கையெழுத்து வரிசையாக இருந்தது. ஒருவரை வீட்டில் போய்க் கேட்டோம், "அக்கா, நீங்கள் கமிட்டியில் இருக்கிறீர்களா?" என்று. அவர் சிரித்துவிட்டார். "எந்தக் கமிட்டி? புள்ள ஸ்கூல்ல இருந்து நோட்டைக் கொண்டாந்து நீட்டுச்சு, போட்டேன். ரேஷனுக்கோ என்னமோன்னு நெனைச்சேன்" என்றார்.

தலைமை ஆசிரியையிடம் திரும்பிப் போய்ச் சண்டை போடலாம் என்றுதான் புறப்பட்டோம். அவரோ, "நாலு தடவை சீட்டு அனுப்பினேன். ஒருவர் வரவில்லை. மேலே கணக்குக் கேட்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். அவர் செய்தது தவறு, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு நம்மிடமும் பதில் இல்லை.

தோழர்களே, அந்தக் குழு என்ன சாதாரணக் குழுவா? 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். தலைவர் பெற்றோரில் ஒருவர், செயலாளர்தான் தலைமை ஆசிரியர். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பதும், வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்று கேட்பதும், பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும் அந்தக் குழுவின் வேலை. இட்லிக் கூடை சுமக்கிற தாயும், தோல் பட்டறையில் நிற்கிற தகப்பனும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இந்தப் பணம் எங்கே போயிற்று?" என்று கேட்கச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. நாம் என்ன செய்தோம்? பிள்ளை நீட்டிய நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டோம்.

ஏன் போகவில்லை என்பதும் தெரியும். கூட்டம் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு என்றால் நாக்காவில் வேலைக்கு நிற்கிறவர் எப்படிப் போவார்? ஒரு நாள் கூலி போய்விடும். இன்னொன்றும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1966-இல் சிவசேனை தொடங்கி, தென்னாட்டவர்மேல் வெறுப்பு கிளப்பப்பட்ட அந்த நாட்களுக்குப் பிறகு, அலுவலகப் படி ஏறி வாய் திறப்பதென்றாலே நம்மவர்களுக்குத் தயக்கம். "வந்த இடத்தில் எதற்கு வம்பு?" என்று அப்பா சொன்னதை மகனும் சொல்கிறான். மூன்று தலைமுறை ஆன பிறகும் வந்த இடமா இது?

கூலிப் பிரச்சினைக்கு வழி கண்டோம். கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். தலைமை ஆசிரியை முதலில் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். முதல் கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்தார்கள். மூன்றாவது கூட்டத்தில் நாற்காலி போதாமல் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

முதலில் எடுத்தது தண்ணீர்த் தொட்டி. தொட்டியில் மூடி இல்லை, குழாய் உடைந்து கிடந்தது. தமிழ்ப் பள்ளியின் தீர்மானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வார்டு அலுவலகம் போனோம், ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. ஒரே கட்டடத்தில் மராத்திப் பள்ளி இருக்கிறது, உருதுப் பள்ளி இருக்கிறது, இந்திப் பள்ளி இருக்கிறது. அந்தப் பிள்ளைகளும் இதே தண்ணீரைத்தானே குடிக்கின்றன? அந்தப் பெற்றோர்களைத் தேடிப் போனோம். நம்முடைய உடைந்த இந்தியும் அவர்களுடைய உடைந்த இந்தியும் சேர்ந்து ஒரு மனு ஆயிற்று. நாலு குழுவின் தீர்மானமும் ஒன்றாகப் போனபோது தொட்டிக்கு மூடி வந்தது, குழாயும் வந்தது. இத்தனை ஆண்டு பக்கத்துப் பக்கத்துச் சந்தில் இருந்தும் ஒருவரை ஒருவர் அறியாமல் இருந்திருக்கிறோம்!

கழிப்பறை இன்னும் ஆகவில்லை. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறையும், குடிநீரும் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதத்துக்குள் செய்து முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012 அக்டோபரில் உத்தரவிட்டது. நம் பெண் பிள்ளைகள் காலையில் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்குப் போகிறார்கள். ஏன் என்று தாய்மார்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எழுத்து மூலம் புகார் கொடுத்தால் உள்ளாட்சி நிர்வாகம் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 32-ஆம் பிரிவு சொல்கிறது. கொடுத்திருக்கிறோம். நாளை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஆசிரியர் விஷயத்துக்கு வருவோம். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர், 91 முதல் 120 வரை நாலு ஆசிரியர் என்பது சட்டத்தின் கணக்கு. இதை ஏன் சொல்கிறோம்? நம் சந்திலிருந்து ஒரு பிள்ளை கூடினால் ஒரு ஆசிரியரே கூடலாம் என்பதற்காக. அறுபதோடு நின்றால் இரண்டு பேர். அறுபத்தொன்றாவது பிள்ளையின் கையைப் பிடித்து யார் அழைத்து வருகிறாரோ, அவர் மூன்றாவது ஆசிரியரையும் கேட்டு வாங்கித் தருகிறார்.

தமிழில் படித்தால் பிழைக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நம் பிள்ளைகள் பலர் ஏழாவது வரை தமிழில் படித்துவிட்டு, எட்டாவதில் வேறு மொழிக்குத் தாவித் தடுமாறி நின்றதைப் பார்த்திருக்கிறோம். அதனால்தான் மேல் வகுப்பும் வேண்டும் என்று கேட்கிறோம். மராத்தியும் படிக்கட்டும், நன்றாகவே படிக்கட்டும். 2020-இல் மகாராஷ்டிர அரசு கொண்டுவந்த சட்டப்படி எல்லாப் பள்ளியிலும் அது கட்டாயம். இந்த ஊரில் வாழ்கிற பிள்ளைக்கு அது வேண்டும். ஆங்கிலமும் வேண்டும். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு முதலில் புரிகிற மொழியில் சொல்லிக் கொடு என்பது நாம் கேட்கும் பிச்சை அல்ல. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவில் 1956-லேயே எழுதிவிட்டார்கள்.

நெல்லைச் சீமையிலிருந்து வந்த பெரியவர்கள் சிலர் காமராசர் காலத்துப் பள்ளியில் படித்தவர்கள். 1958 முதல் தமிழ்நாட்டில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதற்கு முன்னின்றார். ஊர்க்காரர்கள் நிலம் கொடுத்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள், கரும்பலகை கொடுத்தார்கள், கடிகாரம் கொடுத்தார்கள். அதுபோல நாமும் வசூல் செய்து பெஞ்சு வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒரு தோழர் சொன்னார். நல்ல மனசு. ஆனால் எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. அன்று அரசிடம் காசு இல்லை, ஊர் கொடுத்தது. இன்று மும்பை மாநகராட்சியிடமா காசு இல்லை? நாம் கொடுக்க வேண்டியது நேரம். மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு மணி.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளக் கூடாது. ஏப்ரலில் ஊருக்குப் போகிறோம். ஜூன் நடுவில் பள்ளி திறந்தாலும் ஜூலையில்தான் ரயில் ஏறுகிறோம். வந்த கையோடு ஆடிக் கொடை என்று சொல்லி மறுபடியும் போகிறோம். அம்மன் கோபிக்க மாட்டாள் என்று நாங்கள் நம்புகிறோம்! பெரியவர்கள் போய் வாருங்கள், பிள்ளையை இங்கே சித்தி வீட்டில் விட்டுப் போங்கள். ஊரிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. படிப்பை இடையில் விட்ட பிள்ளையையும் அதன் வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். யாராவது திருப்பி அனுப்பினால் சங்கத்துக்கு வாருங்கள், கூடவே வருகிறோம்.

நாளை மறுநாள் முதல் ஒவ்வொரு சாலாக, இரவு ஏழு மணிக்கு மேல் வருகிறோம். ஐந்து வயது முடிந்த பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது, படிப்பை விட்ட பிள்ளை எங்கே இருக்கிறது என்று பெயர் எழுதப் போகிறோம். பாலவாடி நடத்துகிற தாய்மார்கள் தங்கள் பட்டியலையும் தரச் சம்மதித்திருக்கிறார்கள். பட்டியலில் முதலில் எழுதப்படும் பெயர்கள் செயற்குழு உறுப்பினர்கள் மூவரின் வீட்டுப் பிள்ளைகள். போன மாதம் கேள்வி கேட்ட அந்தத் தாய்தான் நோட்டை வைத்திருக்கிறார்.