கம்பிக்கு முன் கணக்கு



மாநாட்டின் தலைமை உரைக்கு அறிஞர் ஒருவரை அழைப்பதுதான் வழக்கம். நீங்கள் ரூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்த ஒருவனை அழைத்திருக்கிறீர்கள். என் பேச்சில் கோட்பாடு குறைவாகவும் தூசி அதிகமாகவும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூசியிலிருந்தே தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாவட்டத்தில் அரசு அலுவலகங்களின் இணைப்புகளைக் கணக்கெடுக்கப் போனோம். பட்டியலில் இருந்த ஓர் அலுவலகம் அந்தக் கட்டடத்தில் இல்லை. புதுக் கட்டடத்துக்குப் போய் நாளாகியிருந்தது. பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து பார்த்தால், பழைய பீரோவின் மேல் ஒரு ரூட்டர் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. லீஸ்டு லைனுக்கு மாதாமாதம் வாடகையும் போய்க்கொண்டிருந்தது. யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. அந்தக் கம்பியைப் பற்றிய விவரம், மாற்றலாகிப் போன ஒருவருடைய நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. இன்று நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்தப் பச்சை விளக்கைப் பற்றியதுதான்.

நம் அரசு வலையமைப்பு ஒரே நாளில் கட்டப்பட்டதல்ல. 1976-இல் தேசியத் தகவலியல் மையம் தொடங்கப்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் அதன் வலையமைப்பான நிக்நெட் வந்தது. மாவட்டத் தலைநகரங்கள் செயற்கைக்கோள் வழியாக டெல்லியோடு பேசத் தொடங்கின. 2005 மார்ச்சில் மாநிலப் பரப்பு வலையமைப்புத் திட்டத்துக்கு, நாம் ‘ஸ்வான்’ என்று சொல்கிறோமே அதற்கு, மத்திய அரசு 3,334 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் அளித்தது. மாநிலத் தலைநகரிலிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து வட்டாரத்துக்கும் விநாடிக்குக் குறைந்தது 2 மெகாபிட் என்பது அதன் இலக்கு. 2010 மார்ச்சில் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்காகத் தேசிய அறிவு வலையமைப்பு 5,990 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்றது. பிறகு பாரத்நெட், தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழையைக் கொண்டுபோகும் பணி.

இவற்றுள் ஸ்வானின் வடிவம் மரம் போன்றது. தலைநகரம் அடிமரம், மாவட்டம் கிளை, வட்டாரம் சிறுகிளை. வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து கிளம்பும் எதுவும் மாவட்டம் ஏறி, தலைநகரம் ஏறி, அங்கிருந்துதான் வெளியே போகும். மென்பொருள்களெல்லாம் தலைநகரத்துத் தரவு மையத்தில் இருந்த காலத்தில் அது சரியான வடிவம். இன்று வரைபடம் ஓரிடத்தில், கோப்பு இன்னோரிடத்தில், காணொலிக் கூட்டம் வேறோரிடத்தில். பக்கத்துத் தெருவுக்குப் போகச் சென்னை போய்த் திரும்புகிற கதையாகிவிட்டது.

இந்த இடத்தில்தான் மென்பொருளால் வரையறுக்கும் வலையமைப்பு வருகிறது. ஒரு வழமையான ரூட்டருக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. எந்தத் தரவுப் பொட்டலம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவெடுப்பது ஒன்று. முடிவெடுத்தபடி தள்ளிவிடுவது மற்றொன்று. ஆயிரம் ரூட்டர் இருந்தால் ஆயிரம் இடத்தில் முடிவு. ஒவ்வொன்றும் தன் அண்டை வீட்டாரைக் கேட்டுக் கேட்டு ஊர் வழியைத் தெரிந்துகொள்கிறது. 2007-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கசாடோவும் அவருடைய கூட்டாளிகளும் ‘ஈத்தேன்’ என்ற சோதனை வலையமைப்பில் முடிவெடுக்கும் வேலையைப் பெட்டிகளிலிருந்து பிரித்து ஒரு மையக் கன்ட்ரோலரிடம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு நிக் மெக்கியூன் முதலானோர் எழுதிய ‘ஓப்பன்ஃப்ளோ’ கட்டுரை, அந்தக் கன்ட்ரோலர் பெட்டிகளோடு பேசுவதற்கு ஒரு பொது மொழியைத் தந்தது.

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மதகுக்கு மதகு ஆளுக்கொரு முடிவு எடுத்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. அதனால்தான் ஊர் ஒரு நீர்க்கட்டியை வைத்தது. ஆயக்கட்டு முழுவதும் அவர் கண்ணுக்குத் தெரியும். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்ற முறையும் தெரியும். கன்ட்ரோலர் நம்முடைய நீர்க்கட்டி. 2013-இல் கூகுள் தன் தரவு மையங்களை இணைக்கும் வலையமைப்பைப் பற்றி எழுதியபோது இதன் பலன் எண்ணாகவே தெரிந்தது. தொலைதூர இணைப்புகளைப் பொதுவாக 30 முதல் 40 சதவீதம் பயன்படும் அளவில்தான் வைத்திருப்பார்கள். கோளாறு வந்தால் தாங்குவதற்கு மிச்சம் வேண்டுமே. கூகுள் பல இணைப்புகளைக் கிட்டத்தட்ட 100 சதவீதம் வரை ஓட்டிக்காட்டியது.

நமக்கு நேரடியாகப் பயன்படுவது இதன் தம்பியான எஸ்டி-வான், அதாவது மென்பொருளால் வரையறுக்கும் பரப்பு வலையமைப்பு. ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லீஸ்டு லைன், ஒரு பிராட்பேண்ட், ஒரு 4ஜி சிம். மூன்றையும் ஒரே பெட்டியில் சேர்த்து, மறையாக்கம் செய்த பாதைகளாக்கி, எது எப்போது நன்றாக இருக்கிறதோ அதில் அனுப்பலாம். சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் எப்போதும் நல்ல பாதையில். பயிற்சிக் காணொலி பிராட்பேண்டில். புயல் எச்சரிக்கை நாளில் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் அனைத்தும் முன்வரிசையில். புதிய அலுவலகத்துக்குப் பொறியாளர் பஸ் ஏற வேண்டியதில்லை. பெட்டியைச் செருகினால் அதுவே மையத்திலிருந்து தன் கட்டளைகளை வாங்கிக்கொள்ளும்.

இவ்வளவு நல்ல சரக்கு என்றால் டெண்டர் போட்டு வாங்கிவிடலாமே என்று தோன்றும். அதற்கு முன் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு பட்ட பாட்டைப் பார்த்துவிடுவோம். 2007-இல் அவர்கள் ஒரு விதி போட்டார்கள்: எந்தத் துறையானாலும் எண்ணி வைத்த சில நம்பகமான வாசல்கள் வழியாகத்தான் இணையத்துக்குப் போக வேண்டும். காவலுக்கு நல்லது. ஆனால் மேகக் கணிமை வந்த பிறகு எல்லாப் போக்குவரத்தும் அந்த வாசல்களில் முட்டிக்கொண்டு நின்றது. 2019 செப்டம்பரில்தான் விதியைத் தளர்த்தி, கிளை அலுவலகங்கள் வேறு பாதுகாப்பான வழிகளிலும் போகலாம் என்றார்கள். விதி மாறாமல் பெட்டியை மட்டும் மாற்றியிருந்தால் புதுப் பெட்டியும் பழைய வாசலில்தான் நின்றிருக்கும்.

இதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. எஃப்டிஎஸ்2001 என்ற பழைய தொலைத்தொடர்பு ஒப்பந்தத்திலிருந்து நெட்வொர்க்ஸ் என்ற ஒப்பந்தத்துக்கு மாற அவர்கள் திட்டமிட்டதைவிட 33 மாதம் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். கிடைத்திருக்க வேண்டிய சேமிப்பில் 329 மில்லியன் டாலர் கைநழுவியது என்று அந்நாட்டு அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் கணக்கிட்டது. அது சுட்டிய காரணங்களில் தொழில்நுட்பக் குறை முன்னால் நிற்கவில்லை. துறைகளின் திட்டமிடல் பலவீனமாக இருந்தது. தொலைத்தொடர்பு தெரிந்த ஆட்கள் துறைகளுக்குள் குறைந்துபோயிருந்தார்கள். நான் பார்த்த பச்சை விளக்கு அங்கேயும் எங்கேயோ சிமிட்டிக்கொண்டிருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முடிவை ஓரிடத்தில் குவித்தால் பிழையும் ஓரிடத்தில் குவியும். 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ராஜர்ஸ் வலையமைப்பு விழுந்தது. ஒரு ரூட்டர் அமைப்பில் ஒரு வடிகட்டியை நீக்கிய மாற்றம் அதற்குக் காரணம். 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள்; அவசர உதவி எண்ணை அழைக்க முடியாமல் பலர் தவித்தார்கள். கோளாறைச் சரிசெய்யப் பயன்பட வேண்டிய மேலாண்மைப் பாதையும் விழுந்த வலையமைப்பின் மேலேயே ஓடியதால் பொறியாளர்களே உள்ளே நுழைய முடியவில்லை. வீட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை. 2020 டிசம்பரில் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் ஊடுருவலோ பிழையால் வந்ததல்ல, திட்டமிட்ட தாக்குதல். வலையமைப்பைக் கண்காணிக்கும் மென்பொருளின் புதுப்பிப்புக்குள்ளேயே நஞ்சைக் கலந்தார்கள். ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்களுக்கு அந்தப் புதுப்பிப்பு போனது. அமெரிக்க அரசுத் துறைகள் பலவும் இலக்காயின. நீர்க்கட்டியை விலைக்கு வாங்கிவிட்டால் ஏரியே கைக்கு வந்துவிடும் என்பது எதிரிக்கும் தெரியும். ஆகவே கன்ட்ரோலருக்குத் தனிப் பாதை, இரண்டாவது ஊரில் ஒரு மாற்று, ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு பேர் ஒப்புதல், முதலில் ஐந்து அலுவலகத்தில் பார்த்துவிட்டுப் பிறகு ஐநூறுக்கு என்ற ஒழுங்கு ஆகியவை இல்லாத திட்டத்தை நாம் நவீனமாக்கல் என்று அழைக்கக் கூடாது.

நம் மொழியில் ‘வரையறு’ என்ற சொல்லையே இந்தத் தொழில்நுட்பத்துக்கு வைத்திருக்கிறோம். வரை என்றால் எல்லை. எல்லையை அறுதியிடுவதே வரையறுத்தல். மென்பொருள் எல்லை கட்டும் என்று சொல்கிறோம். ஆனால் எந்த எல்லை என்று அதற்குச் சொல்ல வேண்டியவர் யார்? புயல் நாளில் எந்தத் துறைக்கு முன்னுரிமை, எந்த அலுவலகம் எந்தத் தரவைத் தொடலாம் என்பவை நிர்வாக முடிவுகள். இதுவரை அவை ஒப்பந்தக்காரரின் பொறியாளர் இரவு 11 மணிக்கு ரூட்டரில் அடித்த கட்டளைகளாக இருந்தன. இனி அவை கன்ட்ரோலரில் எழுதிய வரிகளாக இருக்கும். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு கோப்பு, ஒரு எண், ஒரு தேதி, ஒரு கையொப்பம் இருக்க வேண்டும்.

வருவாய்த் துறை இதை நமக்கு எப்போதோ கற்றுக்கொடுத்துவிட்டது. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேடு இருக்கிறது: எந்தப் புல எண், என்ன பரப்பு, யார் பெயரில். அடங்கலில் இந்தப் பருவம் என்ன பயிர் என்று இருக்கிறது. முதலாவது நிலையானது, இரண்டாவது மாறிக்கொண்டே இருப்பது. வலையமைப்புக்கும் இந்த இரண்டும் வேண்டும். எந்த அலுவலகம், எந்த இணைப்பு, யார் பொறுப்பு, எப்போது ஒப்பந்தம் முடிகிறது என்பது ‘அ’ பதிவேடு. இப்போது அதில் என்ன ஓடுகிறது என்பது அடங்கல். எஸ்டி-வான் நமக்கு அடங்கலைத் தானே எழுதித் தரும். ‘அ’ பதிவேட்டை எந்தக் கம்பெனியும் எழுதித் தராது. எழுதித் தந்தாலும் அது அவர்கள் கன்ட்ரோலருக்குள் அவர்கள் வடிவத்தில் இருக்கும். ஒப்பந்தம் முடியும் நாளில் நாம் மறுபடியும் பூட்டிய அறைக்கு முன்னால் நிற்போம். பதிவேடு அரசினுடையதாக, எவரும் படிக்கத்தக்க திறந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதை டெண்டரின் முதல் நிபந்தனையாக்குங்கள்.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டுரைகளில் வேகமும் தாமதமும் எண்ணாக வரும், வரட்டும். அவற்றோடு, அந்த அமைப்பை ஒப்பந்தக்காரர் போன பிறகு நடத்தப்போகிறவர் யார், அவருக்கு என்ன பயிற்சி, அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் எதைப் படித்துத் தெரிந்துகொள்வார் என்றும் இரண்டு பத்தி எழுதுங்கள்.

மாவட்டப் பொறியாளர்களுக்கு ஒரு சின்ன வேலை. பதிவு மேசையில் வெற்றுத் தாள்கள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் அலுவலகத்துக்கு எத்தனை இணைப்பு, ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று நினைவிலிருந்து எழுதுங்கள். ஐபி முகவரி வேண்டாம். தாளை யாரிடமும் கொடுக்கவும் வேண்டாம், பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போய், ஏணி போட்டு ஏறி, பீரோவின் மேலும் பார்த்து ஒப்பிடுங்கள். தாளுக்கும் தரைக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறதோ, அதுதான் அடுத்த மாநாட்டில் நீங்கள் வாசிக்க வேண்டிய கட்டுரை.

அந்தக் கட்டுரைகளைக் கேட்கக் காத்திருப்பேன் என்று சொல்லி, மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.