வீடு மாறாது, விலாசம் மாறும்



நம்மில் பலர் வெளியூரில். ஊரில் வயதான அப்பா அம்மா. வாசலில் ஒரு கேமரா. நேற்றுவரை செல்போனில் தெரிந்த வாசல் இன்று தெரியவில்லை. ஏன்? இணைய நிறுவனம் வீட்டுக்குத் தரும் எண் விலாசம் நிரந்தரமல்ல. ரௌட்டரை அணைத்துப் போட்டாலே மாறலாம். பழைய முறையில் (ஐ.பி.வி.4) விலாசங்கள் மொத்தமே சுமார் 429 கோடிதான்; அதனால்தான் இந்தச் சிக்கனம்.

இதற்கு வழி டைனமிக் டி.என்.எஸ். வீட்டுக்கு ஒரு பெயரைப் பதிந்துவிட்டால், எண் மாறும்போதெல்லாம் ரௌட்டரே அங்கே சொல்லிவிடும். நாம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

ஆனால் ஒரே விலாசத்தைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருந்தால் பெயர் வைத்தும் பலனில்லை. ரௌட்டரின் வெளி விலாசம் 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால் இதுதான் சங்கதி. அப்போது வெளியிலுள்ள ஒரு சர்வரை வீடே கூப்பிட்டுப் பேசும்படி வி.பி.என். அமைக்க வேண்டும்.

ஒன்றை மறந்துடாதீங்க. நமக்குத் திறந்த கதவு ஊருக்கும் திறந்ததுதான். 2016-இல் 'மிராய்' என்ற நச்சு நிரல், கம்பெனி வைத்த கடவுச்சொல்லோடு கிடந்த கேமராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் வளைத்துப் போட்டது. ஆகவே கேமராவை நேரே இணையத்தில் திறந்து விடாமல், வி.பி.என். வழியே பாருங்கள். கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். அப்பா அம்மாவைப் பார்க்கும் கண் நம்முடையதாக மட்டும் இருக்கட்டும்.