எறிகிற கையில் உட்பக்க வலி



ஈட்டி எறிகிற பிள்ளை முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால், மைதானத்தில் முதலில் கிடைப்பது ஸ்பிரே. அடுத்தது கிரேப் பேண்டேஜ். அதற்கும் கேட்கவில்லை என்றால் தைலம் போட்டு உருவி விடுவார்கள். 'எந்த இடத்தில் வலிக்கிறது, எறியும்போது எப்போது வலிக்கிறது' என்று நிதானமாகக் கேட்பவர்கள் குறைவு. இந்த வலியின் காரணத்தைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை அந்தக் கேள்விகளிலேயே முடிந்துவிடும்.

உங்கள் கையையே நீட்டிப் பாருங்கள், உள்ளங்கை வானத்தைப் பார்க்கட்டும். முழங்கையில் உடம்பை ஒட்டிய பக்கம் விரலை வைத்தால் ஓர் எலும்பு மேடு தட்டுப்படும். மணிக்கட்டை மடக்கும் தசைகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அவற்றுக்கு அடியில், மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் இழுத்துப் பிடித்திருக்கிறது ஒரு லிகமென்ட். மேட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் ஒரு நரம்பு ஓடுகிறது. கதவில் முழங்கை இடித்தால் சுண்டுவிரல்வரை சுரீர் என்று ஏறுமே, அதே நரம்பு. தசை, லிகமென்ட், நரம்பு என்று இந்தச் சிறிய இடத்தில் எது பழுதானாலும், வருகிறவர் சொல்வது 'உள்பக்கம் வலிக்கிறது' என்பது மட்டும்தான்.

கை பின்னால் போய், உடம்பு முன்னே திரும்பும் அந்தக் கணத்தில் முழங்கையின் உட்பக்கம் பிளக்கப் பார்க்கிறது. பேஸ்பாலில் பந்து எறியும் பிட்சர்களிடம் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த இழுப்பு, லிகமென்ட் தனியாகத் தாங்கக்கூடியதைவிட அதிகம். பிறகு ஏன் ஒவ்வொரு எறிக்கும் அது கிழிவதில்லை? சுற்றியுள்ள தசைகள் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. தசை களைத்தால் அந்தப் பங்கும் லிகமென்டின் மேலேயே விழுகிறது. 'கடைசியாக இன்னும் பத்து எறி' என்று களைத்த கையை விரட்டுவதை நான் இவ்வளவு கடுமையாக எதிர்ப்பது இதனால்தான்.

முஷ்டியை இறுக்கும்போதும், தடுக்கும் கையை எதிர்த்து மணிக்கட்டை மடக்கும்போதும் வலித்தால் தசைப் பக்கம் சந்தேகம் போகும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் நரம்பு. லிகமென்ட் காயம்தான் ஏமாற்றும். புத்தகப் பையைத் தூக்கலாம், சாப்பிடலாம், எழுதலாம், ஒன்றும் தெரியாது. வேகமாக எறியும்போது மட்டும் வலிக்கும், தூரம் குறையும். சிலருக்கு 'டப்' என்று ஒரு சத்தத்தோடு ஒரே எறியில் கிழிந்துவிடும். மருத்துவர் முழங்கையை முழுதாக மடக்கி, முன்கையை வெளிப்பக்கமாக இழுத்தபடியே சட்டென்று நீட்டிப் பார்ப்பார். 120 டிகிரி மடக்கிலிருந்து 70 டிகிரிக்குள் அதே வலி திரும்ப வந்தால் லிகமென்ட்டைச் சந்தேகிக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. அதற்குப் பிறகு. வலியே இல்லாத பிட்சர்களின் படத்திலும் லிகமென்டில் மாற்றம் தெரிவதுண்டு. அதனால் படத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. இதை டென்னிஸ் எல்போவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்; சச்சின் டெண்டுல்கரை வாட்டிய அது முழங்கையின் வெளிப்பக்கத்து வலி. அதற்கு விற்கும் பட்டையை வாங்கி இதற்குக் கட்டிப் பயனில்லை.

சிகிச்சையில் முதல் மருந்து, எறிவதை நிறுத்துவது. லிகமென்ட் பாதி கிழிந்திருந்தால் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரம். அதற்காகப் படுத்துக் கிடக்க வேண்டாம். ஓடலாம், இடுப்புக்கும் தோளுக்கும் முன்கைக்கும் பயிற்சி செய்யலாம். இடுப்பும் தோளும் சோம்பினால் முழங்கைதான் அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது. பிறகு குறைந்த தூரம், குறைந்த வேகத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். போட்டிக்காக வலியை மரக்கவைக்கும் ஊசி கேட்காதீர்கள்.

முழுதாகக் கிழிந்தாலும் வழி இருக்கிறது. 1974இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடது கை பிட்சர் டாமி ஜானுக்கு இந்த லிகமென்ட் கிழிந்தது. அன்றைக்கு அது ஆட்ட வாழ்க்கையின் முடிவு. டாக்டர் ஃபிராங்க் ஜோப், அவருடைய வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து முழங்கை எலும்புகளில் துளையிட்டுக் கோத்தார். 1976இல் திரும்பி வந்த டாமி ஜான் அதன்பின் 164 ஆட்டங்களில் வென்றார். இன்று அந்த அறுவைக்கு அவர் பெயரே. திரும்ப வர ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் ஈட்டி எறி வீரர் நீரஜ் சோப்ராவுக்கு 2019 மே மாதம் மும்பையில் வலது முழங்கையில் அறுவை நடந்தது. அவருக்கு இருந்தது வேறு சிக்கல், மூட்டுக்குள் எலும்புத் துணுக்குகள். அந்த ஆண்டு தோஹா உலகத் தடகளப் போட்டியை விட்டுவிட்டுக் காத்திருந்தார். 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்து டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். அங்கே வாங்கிய தங்கம் நமக்கெல்லாம் தெரியும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. வளரும் வயதில் அந்த எலும்பு மேடு இன்னும் குருத்தெலும்பால்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். லிகமென்ட் கிழிவதற்கு முன்பே அது விலகும். எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு முழங்கைகளையும் எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஓய்விலேயே ஆறிவிடும்.

பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பிள்ளையும் இன்று எத்தனை முறை எறிந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பெற்றோர்களே, எறியும்போது உட்பக்கம் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், அன்றைக்கே எறிவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.