தரைக்கு எந்தக் கல்?



நம் அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. முற்றத்தில் வழவழப்பான கல் பதித்தால் பாசி பிடித்து வழுக்கும். வயதானவர்கள் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். எனவே வெளியே சொரசொரப்பான கல்லே நல்லது. தண்ணீர் வடியச் சற்றுச் சரிவாகப் பதியுங்கள்.

வீட்டுக்குள் எது போடலாம்? வாங்குமுன் ஒரு துண்டுக் கல்லில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். சிறிது நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். கடப்பாக்கல்லும் பளிங்கும் சுண்ணாம்புச் சத்து உள்ளவை. புளிப்பு பட்டால் மங்கும். கிரானைட் மங்காது. சமையலறைக்கு அதுவே ஏற்றது.

கடற்கரையில் பவளக்கல் கிடக்கிறதே என்று எடுக்காதீர்கள். 2001 முதல் பவளங்களுக்கு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. எடுத்தால் தண்டனை. அலையின் வேகத்தைக் குறைப்பது பவளப்பாறைதான். வாசலுக்குக் கல் தேடி ஊரின் அரணை இழக்கலாமா?